அவன் பார்த்த 3

நிறப் பார்வையைச் சோதிக்கும் இஷிஹாரா புத்தகத்தின் 2-ஆவது புள்ளிப் படத்தைக் காட்டியதும் முன்வரிசை எல்லாம் 8 என்றது. அவன் மட்டும் 3 என்றான், அதுவும் நல்ல சத்தமாக. வகுப்பு சிரித்தது. சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் 3 தெரிகிற மாதிரிதான் புள்ளிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்பது அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். ஆனாலும் நானும் லேசாகச் சிரித்துவிட்டேன்.

வேதியியல் முதலாண்டுக்கு விலங்கியல் துணைப்பாடம். அல்லைடு வகுப்பு எப்படி நடக்கும் என்று எடுத்தவர்களுக்குத் தெரியும். பாஸானால் போதும் என்று உட்கார்ந்திருப்பார்கள். பால் சார்ந்த மரபுக்கடத்தல் வரும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்வார்கள், அதுவும் இந்தப் புத்தகத்தால். 1-ஆவது படம் 12. அது நிறக்குருடு உள்ளவர் உட்பட எல்லோருக்கும் தெரியும். அவனும் 12 என்றுதான் சொன்னான். அப்புறம் 8-க்கு 3, 6-க்கு 5, 29-க்கு 70. நாலாவது படத்துக்கு வரும்போது யாரும் சிரிக்கவில்லை.

அங்கேயே புத்தகத்தை மூடியிருக்கலாம். எனக்கோ, பாடம் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறதே என்ற உற்சாகம். கரும்பலகையில் எக்ஸ், ஒய் குரோமோசோம்களைப் போட்டேன். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஒன்று பழுதானாலும் மற்றது பார்த்துக்கொள்ளும். பையனுக்கு ஒன்றே ஒன்று. அதை அப்பா தருவதில்லை, அப்பா தருவது ஒய் என்றேன். அவன் எழுந்திருக்காமலே கேட்டான்.

"அப்ப எங்கம்மாவாலயா சார்?"

"ஆமாப்பா."

இதைத்தான் இரண்டு வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடமிருந்தா என்று கேட்டிருந்தால் ஆமாம் என்பது சரியான பதில். அவன் கேட்டது அம்மாவாலயா என்று. விலங்கியலில் இரண்டுக்கும் ஒரே விடை. வீட்டில் போய்ச் சொன்னால் இரண்டும் வேறு வேறு. வேற்றுமை உருபெல்லாம் தமிழாசிரியர் பார்க்க வேண்டியது என்று நினைத்து ஓட்டியிருக்கிறேன் போல.

பிறகு சமாதானத்துக்கு டால்டன் கதையைச் சொன்னேன். வேதியியல் பிள்ளைகள், அணுக்கொள்கைக்காரரைத் தெரியாமல் இருக்காது. அவருக்கும் இந்தக் குறை உண்டு, அவர் அண்ணனுக்கும் அதே மாதிரி, 1794-இல் தன் பார்வையைப் பற்றியே கட்டுரை வாசித்தார், கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதால்தான் இப்படி என்று நம்பினார், 1844-இல் இறந்த பிறகு திறந்து பார்த்தால் திரவம் தெளிவாகவே இருந்தது, பத்திரப்படுத்திய கண்ணில் 1995-இல் மரபணுவைச் சோதித்துக் காரணத்தை உறுதிசெய்தார்கள் என்று அடுக்கினேன். அவன் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி தெரியவில்லை.

அவனுக்கு ரயில் ஆசை இருந்தது என்று அடுத்த வாரம் சக மாணவன் ஒருவன் சொல்லித்தான் தெரியும். விடியற்காலையில் காரைக்குடி ஜங்ஷனில் பல்லவன் ரயில் கிளம்புவதைப் பார்ப்பதற்காகவே சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறவனாம். உதவி லோகோ பைலட் தேர்வுக்குப் புத்தகம் எல்லாம் வாங்கி வைத்திருந்திருக்கிறான். அந்த வேலைக்கு மருத்துவத் தகுதி ஏ-1. நிறம் பிரித்தறியாதவர்களை எடுக்க மாட்டார்கள், சிக்னலைப் பார்க்க வேண்டியவர் ஆயிற்றே. பரீட்சை எழுதி, தேறி, மெடிக்கலில் போய் நின்று தெரிந்துகொள்வதைவிட இப்போது தெரிந்தது நல்லதுதானே? இப்படிச் சொல்லிப் பார்த்தால் மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. மெத்தில் ஆரஞ்சு போட்டுச் செய்யும் டைட்ரேஷனில் பக்கத்துப் பையனின் அளவுகளைப் பார்த்து எழுதுகிறான் என்று லேபில் அவனுக்கு நிறையத் திட்டு விழுந்திருக்கிறது. நிறம் எங்கே மாறுகிறது என்று தெரியாதவன் வேறு என்ன செய்வான்? அந்த ஆசிரியரிடம் நான் பேசினேன், திட்டு நின்றது. ஆக, நல்லதும் நடந்திருக்கிறது.

ஆனால் எங்கள் துறைப் புத்தகம் எந்தக் காலத்தில் வாங்கியதோ, பக்கமெல்லாம் பழுப்பேறிப் போயிருந்தது. பகல் வெளிச்சத்தில், 75 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒவ்வொருவராகக் காட்ட வேண்டியதை, டியூப் லைட்டின் கீழ் மேடையில் நின்று தூக்கிக் காட்டினேன். கண் டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யப்பா என்று சொல்ல எனக்குப் பத்து நாள் ஆயிற்று. அதற்குள் அவன் அந்தத் தேர்வுப் புத்தகங்களை யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தான். எனக்கு விடை தெரியும் என்பதற்காக அதைச் சொல்கிற உரிமையும் இருந்ததா?

அவன் அப்பா ஆத்தங்குடிக் கல் போடுகிறவர். அச்சைக் கண்ணாடி மேல் வைத்து, கட்டம் கட்டமாக நிறச் சிமெண்டை ஊற்றும் வேலை. இவனும் லீவு நாளில் போய் ஊற்றுவான். நிறக் கிண்ணங்கள் எப்போதும் ஒரே வரிசையில் இருக்குமாம், அதனால் யாருக்கும் தெரியவே இல்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு அவன் அம்மா வந்தார். வருகைப்பதிவைக் கேட்டார், கட்டணம் எப்போது என்று கேட்டார். கிளம்பும்போது மெதுவாக, "சார், எங்க அப்பாருக்கும் செவப்பு சரியாத் தெரியாது. வீட்ல என்னையத்தான் சொல்றாக" என்றார். அப்பாவுக்கு இருந்தால் மகள்கள் எல்லோருமே கடத்திகள்தான், அதாவது தனக்குக் குறை தெரியாவிட்டாலும் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியவர்கள், யாருக்கும் தப்பிக்க வழியில்லை. அன்று கரும்பலகையில் இன்னும் ஒரு படி மேலே போய், அம்மாவைப் பெற்ற ஐயாவரைக்கும் கோடு போட்டிருந்தால் "ஆமாப்பா" என்ற பதிலே வேறு மாதிரி ஆகியிருக்கும். அல்லது பழியை ஒரு தலைமுறை தள்ளி வைத்திருப்பேன், அவ்வளவுதானா?

"இவன் தங்கச்சிக்கும் வருமா சார்?" என்று கேட்டார்.

"வராதும்மா" என்றேன். அவள் அப்பாவுக்கு இந்தக் குறை இல்லாதவரை அது பொய் இல்லை. ஆனால் அவளும் கடத்தியாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, அதைச் சொல்லவில்லை. மகனிடம் கேட்காததையும் சேர்த்துச் சொன்ன அதே ஆள், அம்மாவிடம் கேட்டதற்கே பாதிதான் சொன்னேன். இதில் எது தவறு என்று கேட்டால், ஒரு நாள் அது என்பேன், ஒரு நாள் இது என்பேன்.

இந்த வருடம் அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுக்கவில்லை. வம்சாவளிப் படத்தைப் போட்டு, தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு வரும் குறுக்குமறுக்குப் பாரம்பரியம் என்று எழுதி முடித்துவிட்டேன். வகுப்பில் பையன்கள் மட்டும் 34 பேர்.