வேண்டாத மரத்தை நின்றபடியே சாகவைப்பது

ரம்பத்தைத் தொடுமுன் பெயின்ட் டப்பாவோடு காட்டை ஒரு சுற்று வருகிறோம். குறி வைப்பது நிற்க வேண்டிய ஓக், வால்நட் மரங்களுக்கு மட்டும். அவற்றின் தலையோடு உரசும் மரங்கள்தான் போட்டி. கீழே நிழலில் நிற்பதையெல்லாம் வழித்தெடுத்தால் கூலி வீண். தண்டில் திடீர் வெயில் பட்டு ஓக்கில் பக்கத்துளிர் கிளம்பும், பலகையின் தரம் கெடும்.

ஐலாந்தஸ் அல்டிசிமா என்ற களைமரம் மட்டும் நிழலிலும் விடக்கூடாதது. அதை நேரே வெட்டினால் வேர் நெடுகக் கன்று வெடிக்கும். ஒரு மரம் நின்ற இடம் புதராகும். எனவே முதலில் களைக்கொல்லி மருந்து, பிறகு ரம்பம். நடுக்கோடைக்குப் பின், இலை பழுக்குமுன் செய்யவேண்டும். அப்போது இலையின் சர்க்கரை வேருக்கு இறங்கும். மருந்தும் கூடவே போகும். வசந்தத்தில் சாறு மேலேறுவதால் ஊற்றியது வெளியே தள்ளப்படும்.

கைக்கோடரியால் பட்டையைத் தாண்டிக் கீழ்நோக்கிச் சாய்வாகக் கொத்துங்கள். மார்பு உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து, அங்குலத்துக்கு ஒரு கொத்து. 8 அங்குல மரத்துக்கு 8. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியில் சரிபாதி தண்ணீர் கலந்து, கொத்துக்கு 1 மி.லி. விடுங்கள். (கையுறை, கண்ணாடி கட்டாயம், புட்டியின் சீட்டு வேறு அளவு சொன்னால் அதுதான் சட்டம்.) கொத்துக்குக் கொத்து ஓர் அங்குலம் பட்டை விடவேண்டும். வேலையாட்கள் சுறுசுறுப்பில் வளையமாகவே கொத்திவிடுவார்கள். மருந்து இறங்கும் வழி அறுந்துபோகும். மேலே காயும், கீழே வேர் பிழைத்துக் கன்று விடும். மழை வரும்போலிருந்தால் தள்ளிப்போடுங்கள். வெட்டுவதானால் குறைந்தது 30 நாள் காத்திருக்க வேண்டும்.

வேர்க்கன்று விடாத மரங்களை வெட்டிவிட்டுத் தூரில் பூசினால் போதும். சில நிமிடங்களுக்குள் பூசவேண்டும். வெட்டுவாய் காய்ந்தால் உறிஞ்சாது. பெரிய தூரில் பட்டையோரம் 2 அங்குலம் நனைந்தால் சரி, நடுவிலிருக்கும் வைரம் பாய்ந்த பகுதி செத்த கட்டைதான்.

ஒரே தூரில் கிளைத்த தண்டுகளில் ஒன்றை வைத்துக்கொள்வதானால் மற்றதற்கு மருந்தே கூடாது, ரம்பம் மட்டும். இமாசபைர் என்ற இன்னொரு களைக்கொல்லி மண்ணிலும் வேலை செய்யும். குறியிட்ட மரத்தருகே அதைக் கொண்டுபோகாதீர்கள்.

செத்த மரங்கள் மரங்கொத்திக்கு நிற்கட்டும். பாதையோரத்தில் இருப்பதை உளுக்குமுன் சாய்த்துவிடுங்கள். உளுத்தபின் ரம்பம் வைத்தால் அதிர்விலேயே கிளை முறிந்து தலையில் விழும்.