வேட்டைப் பையுடன் காளிகேசம்

அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்து டென்வரில் வேலை பார்க்கிற அத்தான் ஊருக்கு வந்தால் வழக்கமாகச் சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும் வரும். இந்தத் தடவை கூடவே ஒரு பையும் வந்தது. மண் நிறம். வெறும் பையைத் தூக்கினாலே மூன்று கிலோ இருக்கும். இடுப்புப் பட்டை என் உள்ளங்கையை விட அகலம். பார்த்தவுடனேயே அத்தை, "இது என்னடே, பட்டாளத்துக்காரன் மூட்ட மாதிரி கெடக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

அது வேட்டைக்காரர்கள் பை. கொலராடோ மலைகளில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர் அத்தான். அங்கே அது சட்டப்படி உரிமம் வாங்கிச் செய்கிற காரியம். நல்ல பகுதிகளுக்குக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். துப்பாக்கி வேட்டைக் காலத்தில் உடம்பின் மேல்பாதியில் குறைந்தது 500 சதுர அங்குலத்துக்குப் பளிச்சென்ற ஆரஞ்சோ இளஞ்சிவப்போ தெரிய வேண்டும், தலையிலும் அதே நிறம் வேண்டும். நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடும் 1991இல் அதற்கு வந்த திருத்தத்தோடும் அந்தப் பேச்சு முடிந்தது. மிளா என்கிற கடமானையும் காட்டுப்பன்றியையும் பற்றிப் பாட்டா காலத்து ஆட்கள் விடுகிற கதைகளில் பாதியை நான் நம்புவதில்லை, மீதிப் பாதியைக் கேட்க ஆசையும் இல்லை. எனக்கு ஆர்வம் வந்தது பையின் மேல். குமரி மலைகளில் நடக்க உருப்படியான பை ஒன்று வாங்க வேண்டும் என்று வெகுநாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு இருந்தேன். கடையில் எல்லாரும் எத்தனை லிட்டர், எத்தனை ஜிப் என்றுதான் பேசுகிறார்கள். அத்தான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"லிட்டர் கெடக்கட்டும் மக்கா. போகும்போது என்ன தூக்குதோம்னு பாக்காத. திரும்பும்போது என்ன தூக்கணும்னு பாரு."

வேட்டைப் பையின் சூட்சுமமே அதுதான். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பை நீக்கினாலும் ஏறக்குறைய 80 கிலோ இறைச்சி தேறும். அதைக் காட்டிலேயே அழுக விட்டு வருவது கொலராடோவில் குற்றம். வண்டி நிற்கிற இடமோ சில மைல் தள்ளி, 3,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்க வேண்டும். ஆகவே போகும்போது பதினைந்து கிலோ சுமக்கிற அதே பை, திரும்பும்போது முப்பத்தைந்து, நாற்பது கிலோவைத் தாங்க வேண்டும், அதுவும் பல நடை. துணிப்பையால் அது ஆகாது. உள்ளே விறைப்பான சட்டம் இருக்க வேண்டும், சட்டத்தின் பாரம் தோளில் இறங்காமல் இடுப்பெலும்பில் போய் உட்கார வேண்டும். 1952இல் கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி என்பவர் அலுமினியச் சட்டத்தையும் இடுப்புப் பட்டையையும் சேர்த்துப் பை செய்து விற்க ஆரம்பித்தார். இன்று அலுமினியத்துக்குப் பதில் கார்பன் ஃபைபர் வந்திருந்தாலும் அடிப்படை அதேதான்.

அத்தான் பையில் இன்னொரு வித்தை. பையைச் சட்டத்திலிருந்து கொஞ்சம் விலக்கலாம். நடுவில் ஒரு தட்டு மாதிரி இடம் திறக்கும். இறைச்சியைத் துணிப்பையில் கட்டி அதில் வைத்து, பக்கத்துப் பட்டைகளை இழுத்து இறுக்கினால் பாரம் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பைக்குள் இருக்கிற படுக்கையிலும் துணியிலும் ரத்தம் படாது. 'மீட் ஷெல்ஃப்' என்றார். அவர் அதைச் சுத்தமாகக் கழுவித்தான் கொண்டு வந்திருந்தார் என்றாலும் அத்தை பையை வீட்டுக்குள் வைக்க விடவில்லை, திண்ணையிலேயே கிடந்தது.

முதல் சோதனை மருந்துவாழ் மலையில். பொற்றையடிப் பக்கம், நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகிற வழியில் இருக்கிறது. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகும்போது உதிர்ந்த துண்டு என்பார்கள். நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகையும் அங்கேதான். கொஞ்ச தூரம் படி, அப்புறம் வெறும் பாறை. காலை வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கிவிடலாம் என்பதால் பையைச் சோதிக்கத் தோதான இடம். இறைச்சிக்குப் பதில் பத்து கிலோ அரிசி மூட்டையைத் தட்டில் வைத்துக் கட்டினோம், மேலே ஐந்து லிட்டர் தண்ணீர். வழியில் ஒரு பெரியவர் அன்னதானத்துக்கா என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், அத்தான்தான் உண்மையை விளக்கப் போய்ப் பத்து நிமிஷம் வீணாயிற்று.

கிளம்புவதற்கு முன்பே அத்தான் தையல் டேப்பை எடுத்து என் முதுகை அளந்திருந்தார். தலையைக் குனிந்தால் பின்னங்கழுத்தின் அடியில் ஒரு எலும்பு துருத்துமே, அங்கே ஆரம்பம். இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, கட்டைவிரல்கள் பின்னால் நேருக்கு நேர் பார்க்கிற இடம் முடிவு. எனக்கு 44 சென்டிமீட்டர். ஆள் உயரத்துக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. என்னை விட உயரமான அத்தானுக்கு என்னை விட ஒரு சென்டிமீட்டர்தான் கூடுதல், மற்றதெல்லாம் கால். பையின் முதுகு நீளத்தை இந்த அளவுக்குக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். முடியாத பை எத்தனை லிட்டராக இருந்தாலும் எனக்கு வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மாட்டுவதற்கும் ஒரு வரிசை உண்டு. எல்லாப் பட்டையையும் தளர்த்திவிட்டுப் பையைப் போட வேண்டும். முதலில் இடுப்புப் பட்டை. பட்டையின் நடுப்பாகம் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் ஏறி உட்கார வேண்டும். நம்மூரில் முக்கால்வாசிப் பேர் அதைத் தொப்பையின் மேல் பெல்ட் போலக் கட்டிக்கொள்கிறார்கள், மூச்சு முட்டுவதைத் தவிர அதில் பலன் இல்லை. பிறகு தோள்பட்டை, அதுவும் பை முதுகை விட்டு விலகாத அளவுக்கு மட்டும். தோளுக்கு மேலே பையின் தலைப்பகுதியிலிருந்து சாய்வாக வருகிற சின்னப் பட்டைகளை அதற்கப்புறம் லேசாக இழுக்க வேண்டும். நெஞ்சுப் பட்டை கடைசி. பாதிப் பாறையில் அத்தான் என் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, "இப்ப நட" என்றார். நாலு எட்டு வைப்பதற்குள் பதினைந்து கிலோவும் கழுத்து நரம்பில் வந்து நின்றது. மறுபடி மாட்டியதும் தோளுக்கும் பட்டைக்கும் நடுவில் விரல் நுழைந்தது. மீன் கூடையைச் சும்மாட்டில் ஏற்றிக்கொண்டு கையை வீசி நடக்கிற கடற்கரைப் பெண்களுக்கு இதெல்லாம் விளக்கவே வேண்டாம். பாரம் எலும்பின் வழியாக இறங்கினால் சதைக்கு வேலை குறைவு.

மலை உச்சியில் வேறொன்று தெரிந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தூரத்தில் காற்றாலைகள். காற்றாலை நட்டிருக்கிற ஊர் என்றால் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தலைக்கு மேல் துருத்திக்கொண்டு இருந்த பை காற்றைப் பிடித்து என்னைப் பக்கவாட்டில் தள்ளியது. பாறை விளிம்பில் அது சிரிக்கிற விஷயம் இல்லை. தலையை விட உயர்ந்த சட்டம் நமக்குத் தேவையில்லை.

காளிகேசத்துக்கு அடுத்த வாரம் போனோம். தடிக்காரன்கோணம், கீரிப்பாறை வழி. ரப்பர் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஆறு, ஆற்றங்கரையில் காளி கோயில். இந்த மலைகள் 2008இல் இருந்து கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம், 402 சதுர கிலோமீட்டர். யானை, காட்டெருமை, மிளா எல்லாம் உண்டு, புலியும் உண்டு. கோயிலைத் தாண்டிக் காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம். தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் மாநிலம் முழுக்க 40 மலையேற்றப் பாதைகளுக்கு இணையத்தில் பதிவு தொடங்கியது, குமரி மாவட்டமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள் என்பதால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைக்கும் திட்டம் போடாதீர்கள்.

சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். பிளாஸ்டிக், மதுபாட்டில் பார்ப்பது வழக்கம்தான், ஆனால் இந்தப் பைக்குக் கூடுதல் மரியாதை கிடைத்தது. பக்கவாட்டில் நீளமாகத் தொங்கிய ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்டு காவலர், "இது எதுக்கு சார்?" என்றார். துப்பாக்கியைச் செருகுகிற இடம் அது. வனச் சாவடியில் நின்றுகொண்டு அந்த உண்மையைச் சொல்ல அத்தானுக்கே நா எழவில்லை. "கம்பு வைக்கதுக்கு" என்றார். மண் நிறம் என்பதால் தப்பித்தோம். பட்டாளத்து உடுப்பு மாதிரி புள்ளி போட்ட பையை இந்தப் பக்கம் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

வழிகாட்டியாக வந்தவர் காணிக்காரர், இந்த மலைகளின் பழங்குடி. தோளில் ஒரு துணிப்பை, கையில் வெட்டுக்கத்தி, அவ்வளவுதான். பையைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஆளையே வச்சுக் கொண்டு போலாம் போல இருக்கே சார்" என்றார். ஈத்தை மூங்கில் காட்டுக்குள் நுழைந்ததும் அவர் குனியாமலே போனார், பின்னால் அத்தான் பத்தடிக்கு ஒரு தடவை மாட்டிக்கொண்டார். சட்டத்தின் கொம்பு ஒரு ஈத்தையில் சிக்கும், விடுவித்தால் தொங்குகிற பட்டை இன்னொன்றில் சிக்கும். திறந்த புல்வெளியிலும் பைன் காட்டிலும் நடக்கச் செய்த பை அது. வழிகாட்டி ஒரு இடத்தில் நின்று, தொங்கிய பட்டைகளை எல்லாம் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு வேகம் கூடியது.

ஓடையைக் கடக்கும்போது மட்டும் எல்லாரும் இடுப்புப் பட்டையையும் நெஞ்சுப் பட்டையையும் கழற்றிக்கொண்டோம். பாறை வழுக்கி விழுந்தால் பையை உதறிவிட்டு எழ வேண்டும், மாட்டியிருந்தால் பை ஆளை அமுக்கிவிடும். அத்தான் இதில் மட்டும் கறாராக இருந்தார்.

மழை பிடித்தது. குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஜூனில் தொடங்குகிற தென்மேற்கும் அக்டோபரில் வருகிற வடகிழக்கும். அதனால் நனையாத பை என்று கடைக்காரர் சொல்வதை நான் காதில் வாங்குவதில்லை. துணி நனையாது, தையலும் ஜிப்பும் நனையும். மேலே போடுகிற மழை உறையை முதுகுப் பக்கம் மூட முடியாது, முதுகில் வழிகிற தண்ணீர் உறையின் அடியில் குளமாகத் தேங்கும். தடித்த பாலித்தீன் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, அதற்குள் சாமானை வைத்து வாயை முறுக்கிக் கட்டுவதுதான் நம்பகமானது. ரப்பர் மரத்துக்கு மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பாவாடை கட்டுகிற ஊரில் நல்ல பாலித்தீனுக்குப் பஞ்சமா? சாவடியில் அதைக் காட்டிச் சொல்லிவிட்டு, திரும்பும்போது பத்திரமாகத் திரும்பக் கொண்டு வந்தால் சரி.

ரத்தம் உறிஞ்சுகிற அட்டையைப் பற்றி ஒரு வரி: பையைத் தரையில் வைக்காதீர்கள், கிளையில் மாட்டுங்கள். முதுகுத் திண்டின் வலைத்துணியில் ஏறி உட்கார்ந்துகொண்டால் கண்ணுக்குத் தெரியாது, இடுப்பில் கடித்த பிறகுதான் தெரியும்.

மத்தியானம் பொதிச்சோறு. அங்கேதான் அந்த இறைச்சித் தட்டின் அருமை புரிந்தது. வாழையிலைப் பொதிகளையும் மீன்குழம்புத் தூக்கையும் அத்தான் அதில்தான் கட்டியிருந்தார். குழம்பு கொஞ்சம் சிந்தியிருந்தது, பைக்குள் இருந்த துணி எதிலும் வாடை இல்லை. திரும்பும் வழியில் அத்தானின் நண்பர் ஒருவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அவருடைய பையை அப்படியே அந்தத் தட்டில் சொருகிக் கட்டி, இரண்டு பையாக அத்தான் சுமந்து வந்தார். இரண்டு தோளில் இரண்டு பை என்று தொங்கவிட்டு அந்த வழுக்குப்பாறையில் யாராலும் இறங்கியிருக்க முடியாது.

அப்படியானால் நானும் வேட்டைப் பை வாங்கினேனா? இல்லை. இங்கே அனுமதி கிடைப்பது பகல் நடைக்குத்தான், காட்டில் தங்க விடமாட்டார்கள். மூன்று லிட்டர் தண்ணீர், சோறு, மழைக்கோட்டு, டார்ச், மருந்துப்பெட்டி, மாற்றுச் சாரம் (லுங்கி), துண்டு எல்லாம் சேர்த்து ஏழு கிலோவுக்குள் அடங்கும். அதற்கு வெறும் எடையே மூன்று கிலோ இருக்கிற பையைச் சுமப்பது வீண். அறுபது எழுபது லிட்டர் பை வாங்கினால் காலி இடத்தைப் பார்த்துப் பார்த்து எதையாவது திணிக்கத் தோன்றும்.

திருவனந்தபுரம் போய்ப் பெரிய விளையாட்டுச் சாமான் கடையில் பை பார்த்தேன். வீட்டிலிருந்தே இரண்டு லிட்டர் பாட்டில் மூன்றில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுபோனேன். கடைப்பையன் முதலில் முழித்தான், பிறகு அவனே எடுத்து உள்ளே அடுக்கித் தந்தான். முதுகை ஒட்டி, தோள் எலும்பு உயரத்தில் பாரம் வருகிற மாதிரி அடுக்கச் சொன்னேன். பை ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே கால்மணி நேரம் நடந்தேன். முதுகுக்குக் காற்றோட்டம் என்று வில்லாக வளைத்து வலை கட்டிய பைகள் நம் புழுக்கத்துக்குச் சொகுசாக இருந்தன, ஆனால் பாரம் முதுகை விட்டு விலகி நின்று பின்னால் இழுத்தது. மூன்று லிட்டர் தண்ணீருக்கு மேல் சுமக்காதவர்களுக்கு அது போதும். நான் எடுத்தது 35 லிட்டர், ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவு, முதுகு நீளத்தை ஏற்றி இறக்கலாம், இடுப்புப் பட்டையில் பஞ்சு நிஜமாகவே இருக்கிறது. பல பைகளில் அந்த இடத்தில் வெறும் நாடாதான் இருக்கும், அது பை ஆடாமல் இருக்க மட்டுமே உதவும், பாரம் தாங்காது. முன்பக்கம் விரிகிற பெரிய வலைப்பை ஒன்று இருக்கிறது. நனைந்த சாரத்தையும் குழம்புத் தூக்கையும் அதில் போட்டுக்கொள்வேன். அத்தானின் தட்டு அளவுக்கு வராது, ஏழு கிலோவுக்கு இது தாராளம்.