குளிர்காலக் கிராப்பிக்கு ஜிக் கட்டிப் பார்த்தது: லேக் ஃபோர்க், 2022–23

டெக்சாஸில் டாலஸ் நகரிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினால் லேக் ஃபோர்க் ஏரி வந்துவிடும். 1980-இல் அணையை அடைத்து நீர் தேக்கத் தொடங்கிய இந்த ஏரி 27,000 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கிறது. நீர் தேங்கும் முன் அங்கிருந்த மரங்களில் ஏராளமானவற்றை வெட்டாமல் நிற்கவிட்டார்கள்; அவை இன்றும் நீருக்கடியில் நிற்கின்றன. டிசம்பர் பிறந்ததும் கிராப்பி மீன்கள் அந்த மரங்களையும் பாலத் தூண்களையும் ஒட்டி, முப்பது நாற்பது அடி ஆழத்தில் கூட்டமாக நின்றுவிடும். 2022–23 குளிர்காலம் முழுவதும் அந்த மீனுக்கு என் கையால் கட்டிய ஜிக்குகளை மட்டுமே பயன்படுத்துவது என்று தீர்மானித்தேன். கட்டியது, அவிழ்த்தது, மாற்றியது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். அந்த நோட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

ஜிக் என்பது தலைப்பகுதியில் ஈயம் வார்த்த தூண்டில் முள். தலைக்குப் பின்னால் முள்ளின் தண்டில் இறகு, மயிர், பஞ்சு நூல் போன்றவற்றைச் சுற்றி, பார்வைக்கும் அசைவுக்கும் ஒரு குஞ்சு மீனைப் போல ஆக்குவார்கள். லேக் ஃபோர்க்கில் வெள்ளைக் கிராப்பி, கறுப்புக் கிராப்பி என்ற இரு இனங்களும் உண்டு. முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணினால் வெள்ளைக்கு ஐந்தோ ஆறோ இருக்கும். கறுப்புக்கு ஏழோ எட்டோ இருக்கும். என்னைத் தன் படகில் அழைத்துச் செல்லும் பெரியவர் கிழக்கு டெக்சாஸில் பிறந்தவர் என்பதால், இரண்டையும் சேர்த்து ‘வைட் பெர்ச்’ என்றே சொல்வார். இரண்டுக்கும் கண்கள் தலையில் மேலே தள்ளி இருக்கின்றன. தனக்கு மேலே இருப்பதைப் பார்த்து எழும்பி வந்து கவ்வும் மீன் இது. ஆகவே ஜிக்கை மீனுக்கு ஓரடி இரண்டடி மேலே நிறுத்த வேண்டும். அதற்குக் கீழே போய்விட்ட ஜிக்கை அது பொருட்படுத்துவதில்லை.

நவம்பரில் நான் முதலில் வாங்கிய ஐம்பது ஜிக் தலைகள் கட்டுவதற்கு ஏற்றவையாக இல்லை. தலைக்குப் பின்னால் ஈயத்திலேயே ஒரு சிறு கழுத்தும் அதில் ஒரு கொக்கியும் இருந்தன. ரப்பர் புழுவை மாட்டி நிறுத்துவதற்காக வார்க்கப்பட்ட தலைகள் அவை. அந்தக் கொக்கியின் மேல் நூல் சுற்றும்போதெல்லாம் நூல் அறுந்தது. இறகு கட்டுவதற்குக் கழுத்து இல்லாத, வெறும் உருண்டைத் தலையும் நேரான தண்டும் கொண்டவற்றையே வாங்க வேண்டும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். முள்ளும் மெல்லிய கம்பியால் ஆன அபர்டீன் வகையாக இருப்பது நல்லது. நீருக்கடியில் மரக்கிளையில் மாட்டிக்கொண்டால், தூண்டில் நரம்பை மெதுவாக இழுக்கும்போது மெல்லிய முள் நிமிர்ந்து விடுபட்டு வந்துவிடும். அதை இடுக்கியால் மறுபடி வளைத்துக்கொள்ளலாம். தடித்த முள்ளாக இருந்தால் நரம்பு அறும், ஜிக்கும் போகும். மரங்கள் நிறைந்த ஏரியில் இந்த ஒரு விஷயம் ஒரு நாளில் பத்து ஜிக்குகளைக் காப்பாற்றியிருக்கிறது.

தலைக்கு வண்ணம் ஏற்றுவதைத் தூள் பெயின்ட் கொண்டு செய்தேன். முள்ளை இடுக்கியால் பிடித்து, ஈயத் தலையை மெழுகுவர்த்திச் சுடரின் மேல் சில நொடிகள் சூடாக்கி, தூளில் ஒரு முறை சட்டென்று தோய்த்து எடுத்தால் தூள் உருகிப் பளபளப்பாகப் படிந்துவிடுகிறது. சூடு அதிகமானால் வண்ணம் தடித்து வழியும். குறைந்தால் தூளாகவே நிற்கும். நரம்பு கோக்கும் கண் அடைபட்டுவிடும் என்பதால், வண்ணம் இளகி இருக்கும்போதே ஊசியால் குத்தித் திறந்துவிட வேண்டும். அதன் பிறகு பழைய டோஸ்டர் அடுப்பு ஒன்றில் தலைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, 350 பாரன்ஹீட்டில் இருபது நிமிடம் வைத்தேன். இந்த அடுப்பில் இனி ரொட்டி சுடுவதில்லை என்று வீட்டில் சொல்லி, கார் நிறுத்தும் கொட்டகையிலேயே வைத்துவிட்டேன். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் வேறு எதையும் தொடுவதில்லை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு அவுன்ஸும் அதற்குக் குறைந்த எடையும் கொண்ட ஈய ஜிக்குகளுக்குத் தடையே இருக்கிறது. அங்கே அவற்றை விழுங்கிய லூன் பறவைகள் நஞ்சேறி இறந்தன. டெக்சாஸில் அப்படியொரு தடை இல்லை என்றாலும், அறுந்த நரம்பையும் ஈயத்தையும் ஏரியில் விட்டு வர எனக்கு மனம் வருவதில்லை.

இறகுக்கு மராபூ என்பதைப் பயன்படுத்தினேன். அந்தப் பெயர் ஆப்பிரிக்கப் பெருநாரை ஒன்றிலிருந்து வந்தது. இப்போது கடைகளில் கிடைப்பது வான்கோழியின் மென்தூவி. உலர்ந்திருக்கும்போது பஞ்சுப் பொதி போலத் தெரிவது, நனைந்ததும் ஒரு தீக்குச்சி அளவுக்கு ஒடுங்கிவிடும். உலர்ந்த இறகின் தோற்றத்தை நம்பிக் கட்டினால் அளவு தவறிவிடும் என்பதால், விரலை ஈரமாக்கி இறகை நனைத்துப் பார்த்த பிறகே எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்கிறேன். வால் முள்ளின் தண்டு அளவு நீளம் இருந்தால் போதும். நீளம் அதிகமானால் கத்தரிக்கோலால் வெட்டாமல் நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். வெட்டிய முனை மழுங்கித் தட்டையாக நிற்கிறது, கிள்ளிய முனை இழை இழையாக அலைகிறது.

கட்டும் முறையில் எனக்குக் கைவந்தது இதுதான். 140 டெனியர் தடிமன் உள்ள நூலைத் தண்டு முழுவதும் ஒரு அடுக்கு நெருக்கமாகச் சுற்றிக்கொள்கிறேன். அடித்தளம் இல்லாமல் கட்டிய இறகு இரண்டாவது மீனிலேயே சுழன்றுவிட்டது. இறகின் அடியைத் தலையை ஒட்டி வைத்து, தண்டின் நீளம் முழுவதும் படுக்கவைத்து, முள்ளின் வளைவு வரை நூலால் சுற்றிச் செல்கிறேன். வளைவில் மட்டும் கட்டி மீதியை வெட்டிவிட்டால் அங்கே ஒரு மேடு விழும். மேலே சுற்றும் ஷெனீல் என்ற பஞ்சு நூல் அந்த மேட்டில் வழுக்கி இறங்கிவிடும். ஷெனீலின் நுனியில் கால் அங்குலம் அளவுக்குப் பஞ்சை உரித்து, உள்ளே தெரியும் நூலை மட்டும் கட்ட வேண்டும். பிறகு ஐந்து அல்லது ஆறு சுற்று, ஒன்றையொன்று தொட்டபடி தலை வரை வந்து, அங்கே நூலால் இறுக்கி, முடிச்சிட்டு, ஒரு சொட்டு வார்னிஷ் விட்டால் வேலை முடிந்தது. மினுமினுக்கும் இழை சேர்ப்பதானால் பக்கத்துக்கு ஒன்று மட்டுமே வைக்கிறேன்.

டிசம்பர் நடுவில் முதல் முறையாக இவற்றோடு ஏரிக்குப் போனோம். படகில் ஆழத்தையும் மீனையும் காட்டும் ஒலிமானிக் கருவி மேல்நீர் 54 பாரன்ஹீட் என்று காட்டியது. பெட்டி நிறைய வண்ணங்கள் இருந்தன. நான்கு மணி நேரத்தில் ஒன்பது வண்ணங்களை மாற்றினேன். ஆறு மீன் கிடைத்தது. பெரியவரோ காலையில் கட்டிய சாம்பல் நிற ஜிக் ஒன்றையே வைத்துக்கொண்டு பதினெட்டு பிடித்தார். அவருடைய ஜிக்கை வாங்கிப் பார்த்தபோது அதில் என்னுடையதில் பாதி இறகுகூட இல்லை. நீருக்குள் அதை விட்டுப் பார்த்தால், தலையும் வாலும் ஒரே மட்டத்தில், மிதக்கும் மீனைப் போலக் கிடையாக நின்றது. என்னுடையது தலை மேலும் வால் கீழுமாகத் தொங்கியது.

அந்த வாரம் நான் புதிதாக எதையும் கட்டவில்லை. எங்கள் குடியிருப்பில் நான்கு அடி ஆழமுள்ள நீச்சல் குளம் ஒன்று இருக்கிறது; குளிர்காலத்தில் அதில் யாரும் இறங்குவதில்லை. ஆறு பவுண்டு தாங்கும் நரம்பில் ஜிக்குகளை ஒவ்வொன்றாகக் கட்டி, அதில் இறக்கி, தொங்கும் கோணத்தைக் கவனித்து, அடியைத் தொடும் நேரத்தைக் கைப்பேசியில் அளந்தேன். மெல்லியதாகக் கட்டிய 1/16 அவுன்ஸ் ஜிக் நான்கு நொடியில் இறங்கியது. அதே எடையில் அடர்த்தியாகக் கட்டியது ஏறத்தாழ ஏழு நொடி எடுத்தது. 1/32 அவுன்ஸில் மெல்லியது ஏழு, அடர்ந்தது பதினொன்று. என் அடர்ந்த 1/16 ஜிக்கும் மெல்லிய 1/32 ஜிக்கும் ஒரே வேகத்தில் இறங்குகின்றன என்றால், எடையைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, இறகின் கனத்தைத் தேர்ந்தெடுப்பதாகவே இருந்திருக்கிறது. முப்பத்தைந்து அடி ஆழத்தில், காற்று படகைத் தள்ளும்போது, மெதுவாக இறங்கும் ஜிக் மீன் நிற்கும் மரத்துக்கு நேரே போய்ச் சேருவதே இல்லை. நரம்பு வில்லாக வளைந்து, ஜிக் வேறெங்கோ தொங்குகிறது.

தொங்கும் கோணத்துக்கு இரண்டு காரணங்கள் தெரிந்தன. ஒன்று, முள்ளின் அளவு (எண் குறையக் குறைய முள் பெரிதாகும்). 1/32 தலையில் 2-ஆம் எண் முள் பெரியது; முள்ளின் கனத்தில் வால் தாழ்ந்துவிடுகிறது. 1/32-க்கு 6-ஆம் எண், 1/16-க்கு 4-ஆம் எண் என்று மாற்றியதும் பெரும்பாலும் சரியானது. மற்றொன்று, முடிச்சு. கண்ணின் முன்பக்கமாக முடிச்சு சரிந்திருந்தால் ஜிக் வால் தாழ்ந்து தொங்கும். முடிச்சைக் கண்ணின் உச்சிக்கு நகத்தால் தள்ளி இறுக்கினால் மட்டமாகிறது. ஒவ்வொரு மீனைக் கழற்றிய பிறகும் முடிச்சு முன்னே நகர்ந்துவிடுகிறது. அதைத் திருப்பி வைப்பது இப்போது கைப்பழக்கமாகிவிட்டது. வளைய முடிச்சும் போட்டுப் பார்த்தேன். அதில் ஜிக் தாராளமாக அசைகிறது. ஆனால் குளிர்காலத்தில் எனக்கு வேண்டியது அசைவைவிட நிலைப்பு.

இந்த நிலைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீர் 50 பாரன்ஹீட்டை நெருங்கும்போது மீனின் உடலியக்கம் மந்தமாகிவிடுகிறது. துரத்திப் பிடிக்க அது முன்வருவதில்லை. ஆட்டி ஆட்டி அழைப்பதைவிட, அதன் கண்ணுக்கு மேலே ஒரு சிறு பொருளை அசையாமல் வைத்துக் காத்திருப்பதே பலித்தது. கை அசையாவிட்டாலும் படகின் சிறு ஆட்டம் நரம்பின் வழியே இறங்கி, மராபூ இழைகளை மூச்சு விடுவது போல விரித்துச் சுருக்கும். அது போதும். அடர்ந்த ஜிக்கில் வெளி இழைகள் உள் இழைகளை மூடிவிடுவதால் இந்த மூச்சு தெரிவதில்லை; ஒரு கட்டையைப் போல மொத்தமாகவே ஆடுகிறது. மீன் கவ்வுவதும் வெட்டி இழுப்பதாக இருக்காது. பெரும்பாலும் கீழிருந்து ஜிக்கை வாயில் வாங்கி மேலே எழும்புவதால், நரம்பு திடீரென்று தளரும். பாரமற்றுப் போனது போலக் கையில் தோன்றும் அந்தக் கணத்தில் கோலை மெல்ல உயர்த்த வேண்டும். இதன் வாய்த்தோல் காகிதம் போல மெல்லியது, வேகமாக வெட்டினால் கிழிந்துவிடும்.

டிசம்பர் 22 அன்று வடக்கிலிருந்து இறங்கிய கடுங்குளிருக்குப் பின், மாத இறுதியில் மறுபடி போனோம். நீர் 47-க்கு இறங்கியிருந்தது. அன்று இரண்டு கோல்கள் வைத்துக்கொண்டேன். ஒரே தலை, ஒரே சாம்பல் நிறம், ஒரே ஆழம், ஒன்றில் அடர்ந்த ஜிக், மற்றொன்றில் மெல்லியது. இடப்பக்கம், வலப்பக்கம் என்று மணிக்கொருமுறை மாற்றிக்கொண்டேன். மெல்லியதில் பதினான்கு, அடர்ந்ததில் ஐந்து. ஒரு நாள் கணக்கை வைத்து விதி எழுத முடியாது என்றாலும், ஜனவரியில் இரு முறை செய்து பார்த்தபோதும் சாய்வு அதே பக்கம்தான் இருந்தது.

லேக் ஃபோர்க்கில் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி நாள் வரை ஒரு தனி விதி உண்டு. மற்ற மாதங்களில் பத்து அங்குலத்துக்குக் குறைந்த கிராப்பியைத் திருப்பி விட வேண்டும். இந்த மூன்று மாதங்களிலோ பிடித்த எந்தக் கிராப்பியையும் திருப்பி விடவே கூடாது. ஆழத்திலிருந்து மேலே வரும்போது மீனின் உள்ளே இருக்கும் காற்றுப்பை விரிந்துவிடுவதால், திருப்பி விட்டாலும் பல பிழைக்காது என்பதே காரணம். ஒரு நாளில் இருபத்தைந்தை எட்டியதும் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். சின்ன மீனும் கணக்கில் சேரும் என்பதால் ஜிக்கைச் சற்றுப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாலை மட்டும் அரை அங்குலம் நீட்டி, இறகின் அளவைக் கூட்டாமல் கட்டியதில் சிறியவை வாலைக் கடித்துவிட்டுப் போயின. முள்ளில் மாட்டியவை பெரும்பாலும் கை நிறைய வந்தன. இது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். பெரிதாக வருவது எப்போதும் கிராப்பியாகத்தான் இருக்கும் என்பதும் இல்லை. 1992 ஜனவரி 24 அன்று பேரி செயின்ட் கிளேர் என்பவர் இதே ஏரியில் கிராப்பிக்குக் குஞ்சு மீன் கோத்து விட்டிருந்தபோதுதான் 18.18 பவுண்டு எடையுள்ள பாஸ் மீன் சிக்கியது. டெக்சாஸில் பாஸுக்கு அதுவே மாநிலச் சாதனை. அதை நினைத்துத்தான் ரீலின் பிடியை எப்போதும் தளர்வாகவே வைத்திருக்கிறேன்.

ஜனவரி முடிந்து பிப்ரவரி பிறக்கும்போது உறைமழை பெய்து டாலஸ் சாலைகள் கண்ணாடியாகிவிட்டன. வீட்டிலேயே இருந்த மூன்று நாட்களில் அறுபது ஜிக் கட்டினேன். அப்போதுதான் வண்ணத்துக்குத் திரும்பினேன். தெளிந்த நீருக்குச் சாம்பலும் வெள்ளையும், கலங்கிய நீருக்குக் கறுப்பு உடலும் எலுமிச்சைப் பச்சை வாலும் என்று இரண்டு வகை மட்டும் வைத்துக்கொண்டேன். காற்று அதிகமான நாளுக்கு 1/8 அவுன்ஸ் தலையில் அதே மெல்லிய கட்டு. 1/32 ஜிக்குக்கு ஒன்றரை அடி மேலே ஈயக்குண்டு கடித்துப் போட்டும் பார்த்தேன். வேகமாக இறங்கியது, ஆனால் நரம்பு தளர்வது கைக்கு எட்டவில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி கடைசி வாரத்தில் நீர் 56-ஐத் தொட்டிருந்தது. 154-ஆம் எண் நெடுஞ்சாலைப் பாலத்தின் கீழே மீன் முப்பது அடியிலிருந்து பதினெட்டு அடிக்கு ஏறிவிட்டது. சில நாட்களில் கரையோரச் செடிகளை நோக்கி முட்டையிட நகரத் தொடங்கும். அங்கே ஆழம் மூன்றடி நான்கடிதான். தக்கைக்குக் கீழே 1/32, சில நேரம் 1/64 போதும். அடர்ந்து கட்டியதால் டிசம்பரில் ஒதுக்கிவைத்த ஜிக்குகள் மெதுவாக இறங்குபவை என்பதால், அவற்றை அவிழ்க்காமல் அதற்கென்று தனிப் பெட்டியில் எடுத்துவைத்திருக்கிறேன். மார்ச் 1 முதல் பத்து அங்குல விதி திரும்ப வருகிறது. அளவுப் பலகையையும் படகில் ஏற்றியாகிவிட்டது.