சாமுராய் போயாச்சு, கொல்லர் இருக்கார்: செகி ஊர் வாழ்க்கை

நான் இருக்கறது ஜப்பான்ல கிஃபு மாகாணத்துல, வாளுக்கும் கத்திக்கும் பேர் போன செகின்னு ஒரு ஊர். நாகோயால இருந்து வடக்க வந்து, மினோஓட்டால இறங்கி நாகராகாவா லைன்ல ஒத்தைப் பெட்டி ரயில் பிடிக்கணும், வழியெல்லாம் வயலும் ஆறும்தான். கார் பார்ட்ஸ் கம்பெனி வேலை, வாடகை கம்மின்னுதான் இங்க வீடு பார்த்தது, மத்தபடி வாள் மேல ஆசைப்பட்டெல்லாம் வரல. ஆனா போன் பண்ற சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஒரே கேள்வி, அங்க சாமுராய் எல்லாம் இருக்காங்களாப்பா?

இல்லைங்க. 1876லயே பொது இடத்துல வாள் வெச்சுக்கக் கூடாதுன்னு அப்ப ஆண்ட மெய்ஜி அரசாங்கம் ஆர்டர் போட்டு, போலீஸ் ராணுவம் தவிர மத்தவங்க இடுப்புல இருந்து அதைக் கழட்டிடுச்சு. அதுக்கு முன்னாடியும் ராணுவத் தலைவர்கள் ஆண்ட எடோ காலத்து இருநூத்தி அம்பது வருஷம் பெரிய சண்டையே இல்ல, சாமுராய்ல நிறைய பேர் அரிசியில சம்பளம் வாங்கிட்டு கணக்கு எழுதிட்டு இருந்த ஆபீஸ் ஸ்டாஃப்தான், இடுப்புல ரெண்டு கத்தி இருந்தது அந்தஸ்துக்கு. இப்ப உலகம் பூரா பேசற புஷிடோங்கற சாமுராய் வீரர் தர்மம் கூட 1900 வாக்குல நிடோபே இனாசோங்கற ஜப்பானிய எழுத்தாளர் இங்கிலீஷ்ல எழுதின புத்தகம் வழியாத்தான் வெளிநாட்டுக்காரங்களுக்கு பெருசா தெரிய வந்தது. எனக்கென்னவோ இந்த ஊர்ல உயிரோட இருக்கறது போர்வீரன் இல்ல, கொல்லன்னுதான் தோணுது.

இங்க கொல்லர் வேலை ஆரம்பிச்சு எழுநூறு வருஷத்துக்கு மேல ஆகுது. நல்ல களிமண், பைன் மரக் கரி, நாகரா ஆத்துத் தண்ணி, மூணும் ஒரே இடத்துல கிடைச்சதால கொல்லர்கள் வந்து தங்கிட்டாங்க. ஒவ்வொரு பிரபுவும் பக்கத்து பிரபுவோட அடிச்சுக்கிட்ட காலத்துல செகி வாளுக்கு ஏக கிராக்கி. உடையாது, வளையாது, நல்லா வெட்டும், இதான் இந்த ஊர் வாளுக்கு இருந்த பேரு. செகி மாகோரோகுன்னு ஒரு கொல்லர் பரம்பரை, அவங்க வாள் விளிம்புல நடுவுல ஒண்ணு உசந்து மூணு தேவதாரு மரம் சேர்ந்து நிக்கற மாதிரி ஒரு கோடு ஓடும். இன்னைக்கு அதே மாகோரோகு பேரு எங்க ஊர் சூப்பர்மார்க்கெட்ல வெங்காயம் வெட்டற கத்தி டப்பா மேல இருக்கு. சண்டை நின்னதும் அரிவாள், மண்வெட்டி, சமையல் கத்தி, அப்புறம் பாக்கெட் கத்தி, ரேசர் பிளேடு, கத்தரிக்கோல்னு ஊரே மாறிடுச்சு. அதனாலதான் பொழைச்சுது.

வந்த புதுசுல எனக்கு வாளை விட பெரிய தலைவலி குப்பை. எந்த நாள் எதை எந்தப் பையில போடணும்னு ஒரு பெரிய அட்டவணை, அதை வாசிக்கறதுக்கே தனியா ஜப்பானிய மொழி படிக்கணும் போல இருந்தது. பக்கத்து வீட்டு தாத்தா ஒருத்தர் காலம் பூரா கத்தரிக்கோல் கம்பெனியில சாணை பிடிச்சவர், அவர்தான் பழைய கத்தியை சும்மா தூக்கிப் போடாத, அதுக்குன்னு பெட்டி வெச்சிருக்காங்கன்னு சொன்னார். அப்படி சேர்ற பழைய கத்திகளுக்கு நவம்பர் 8 அன்னிக்கு சடங்கு பண்ணி, உழைச்சதுக்கு நன்றி சொல்லி, அப்புறம்தான் உருக்க அனுப்பறாங்க. நம்ம ஆயுத பூஜையில பொட்டு வெக்கற அதே மரியாதை, ஆனா இங்க ரிட்டயர் ஆகற நாள்ல.

வாள் அடிக்கறதைப் பார்க்கணும்னா ஊர்லயே அதுக்கு ஒரு மியூசியம் இருக்கு, ஜனவரி 2 அன்னிக்கு வருஷத்தோட முதல் அடி விழும். வெள்ளை உடுப்பு, உலைக்கு மேல வைக்கோல் கயிறு, அதுல தொங்கற வெள்ளைக் காகிதம், கோயில் மாதிரிதான் இருக்கும். மாஸ்டர் பெட்டித் துருத்தியை ஒரு கையால இழுத்துக்கிட்டே தீயைப் பார்த்துட்டு உக்காந்திருப்பார், பேச மாட்டார். பட்டறைக் கல்லு மேல கொஞ்சம் தண்ணி விட்டுட்டு ஆரஞ்சு கலர்ல வழியற இரும்பைக் கொண்டு வந்து வெப்பாங்க, சம்மட்டி விழுந்ததும் பட்டாசு மாதிரி வெடிக்குது பாருங்க, முன் வரிசைக் குழந்தைங்க எல்லாம் அலறிடுச்சு. சும்மா சத்தத்துக்கு இல்ல அது, அந்த நீராவி வெடிச்சுத்தான் இரும்பு மேல படியற கருப்புச் செதில் தெறிச்சுப் போகுதாம். மாஸ்டர் சின்ன சுத்தியால டிங்குன்னு தட்டுவார், எங்க அடிக்கணும் எப்ப நிறுத்தணும் எல்லாம் அந்த டிங்லதான், சம்மட்டிக்காரங்க ஒரு வார்த்தை பேசாம அதைப் பிடிச்சுக்கறாங்க.

அந்த இரும்பு சாதாரண இரும்பு இல்ல. ஷிமானே பக்கம் ஒகுஇசுமோங்கற மலை ஊர்ல குளிர்காலத்துல மட்டும் களிமண் உலை கட்டி, இரும்பு மணலும் கரியும் மாத்தி மாத்திக் கொட்டி மூணு ராத்திரி மூணு பகல் எரிச்சு எடுக்கறது. அதைப் பத்து பதினஞ்சு தடவை மடிச்சு அடிச்சா ஆயிரக்கணக்குல அடுக்கு வரும், அழுக்கும் வெளிய போயிடும். கடைசியா முதுகுப் பக்கம் களிமண் தடிமனா, விளிம்புல மெல்லிசா பூசி, நிறம் தெரியணும்னு இருட்டுல சூடு பண்ணித் தண்ணியில முக்கறாங்க. விளிம்பு சட்டுனு குளிர்ந்து இறுகும், முதுகு மெதுவா குளிரும், அந்த இழுபறியிலதான் வாளுக்கு அந்த வளைவு வருது, சில சமயம் அந்த நொடியிலயே கீறல் விட்டு பல வார உழைப்பு போயிடும்.

இதெல்லாம் கத்துக்க லைசென்ஸ் வெச்ச கொல்லர்கிட்ட 5 வருஷம் சிஷ்யனா இருக்கணும், பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஒரே அளவுல கரி வெட்டப் பழகறதுக்கே மூணு வருஷம்னு ஒரு பேச்சு இருக்கு. லைசென்ஸ் வந்தப்புறமும் மாசத்துக்கு ரெண்டு நீள வாள், இல்லேன்னா மூணு குட்டை வாள், அவ்ளோதான் பண்ணலாம். ஒவ்வொண்ணுக்கும் மாகாணக் கல்வி போர்டுல பதிவு பண்ணி சீட்டு வாங்கணும், அதுக்கப்புறம் தீட்டறவர் தனி, உறை செய்யறவர் தனி, பிடியில பட்டுக்கயிறு சுத்தறவர் தனி. புது வாள் ஒண்ணு சர்வசாதாரணமா பத்து லட்சம் யென்னைத் தாண்டும். எல்லாரும் இதை ரொமான்டிக்கா பேசறாங்க, எனக்கு அந்த சம்பளமில்லாத 5 வருஷம்தான் உறுத்துது, வசதியுள்ள வீட்டுப் பையன் தவிர யாரு வருவா?

என் மாமா ஒருத்தர் வரும்போது ஒரு சாமுராய் வாள் வாங்கிட்டு வாடான்னு கேட்டுட்டே இருக்கார். நாட்டை விட்டு வெளிய எடுத்துட்டுப் போக ஜப்பான் கலாச்சாரத் துறைகிட்ட பர்மிஷன் வாங்கணும், அப்புறம் நம்ம ஊர் கஸ்டம்ஸ் வேற, நடக்கற காரியமா? சமையல் கத்தி வாங்கிட்டுப் போறேன். கடையில டப்பாவை டேப் போட்டு ஒட்டிக் குடுத்து, வீடு போற வரைக்கும் பிரிக்காதீங்க, பில்லைக் கையோட வெச்சுக்கங்கன்னு சொல்வாங்க, இங்க காரணம் இல்லாம 6 சென்டிமீட்டருக்கு மேல பிளேடு கையில வெச்சிருந்தா போலீஸ் கேள்வி வரும். பிளேன்ல செக்இன் பெட்டியிலதான் வெக்கணும். நம்ம வீட்டுக்கு ஸ்டெயின்லெஸ்ஸே எடுங்க, கார்பன் ஸ்டீல் கத்தியால எலுமிச்சையோ மாங்காயோ வெட்டிட்டு உடனே துடைக்கலேன்னா கருத்துப் போயிடும், எங்க மாமி துடைக்கற ஆள் இல்ல.