முட்டி ஆபரேஷனுக்கு முன்னால் அம்மாவுக்குச் சரிசெய்ய வேண்டியிருந்தவை

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வலதில் எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்று மூட்டுதான் வழி என்றார் எலும்பு மருத்துவர். ஆபரேஷன் தேதி கேட்டால், ரத்தப் பரிசோதனைச் சீட்டு கொடுத்தார்.

முடிவு வந்ததும் முட்டியைப் பற்றிய பேச்சே இல்லை. மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் HbA1c 9.4 சதவீதம். 8-க்குக் கீழே வராமல் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டார். உள்ளே வைக்கும் மூட்டில் கிருமி தொற்றினால் அதையே கழற்ற வேண்டி வருமாம். சொத்தைப் பல்லைக்கூட முதலில் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் அதிகம், 1.6. "என்ன வலி மாத்திரைம்மா போடுறீங்க?" என்றதும் அம்மா பையிலிருந்து பாதி காலியான அட்டையை எடுத்து நீட்டினார். டைக்ளோஃபெனாக், மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கியது. இந்த வகை மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும்; உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். பிரஷர் மாத்திரை போட்டும் 160-லேயே நின்றதற்கும், கணுக்கால் வீக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு என்றார். அதை நிறுத்தி, பாராசிட்டமாலும் மேலே தடவ ஒரு ஜெல்லும் எழுதினார்.

சிறுநீரில் தொற்று வேறு. தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள் என்று நர்ஸ் கேட்டபோது அம்மா சொன்னார்: "குடிச்சா அடிக்கடி போகணுமே, யாரு உக்காந்து எந்திரிக்கிறது?" எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட். அன்றைக்கே கமோடு நாற்காலி வாங்கினோம். மருந்துச் செலவில் பாதிகூட ஆகவில்லை, பலன் என்னவோ அதில்தான் அதிகம்.

வலியால் நடை நின்றது, நடை நின்றதால் சர்க்கரையும் எடையும் ஏறின, எடை ஏறியதும் வலி இன்னும் கூடியது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் சுமார் நாலு கிலோ பாரம் குறையும் என்று பிசியோதெரபிஸ்ட் கணக்குச் சொன்னார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தவர் அவர். முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தி ஐந்து எண்ணச் சொல்வார். அம்மா மூன்றிலேயே விட்டுவிடுவார்!

தூக்கம் எப்படி என்று மயக்க மருந்து டாக்டர்தான் முதன்முதலில் கேட்டார். அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது: கல்யாணம், கோயில் எதற்கும் போகாமல் அம்மா ஒடுங்கியிருந்ததை, வலியால் என்று நினைக்காமல் வயசின் மேல் போட்டிருந்தோம்.

இன்சுலின் தொடங்கி, சர்க்கரை 7.6-க்கு வந்த பிறகு வலது முட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. இடதுக்கு இப்போதைக்கு வேண்டாம், பயிற்சியிலேயே ஓட்டலாம் என்கிறார் மருத்துவர். அம்மாவுக்கும் அதுதான் சம்மதம்.