பாக்காமலே சொன்ன பதில்

"உக்காரும்மா, ஒண்ணும் இல்ல." அன்னிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். மாசக்கணக்கா ஆச்சு, இன்னும் படுத்தா இதுதான் வந்து நிக்குது.

ஒன்பதாவது மாடி, மாசக் கடைசி, ரிப்போர்ட் அனுப்ப இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. டீம்ல சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகாத பொண்ணு சீட்ட விட்டு எந்திரிச்சு "சார், சேர் ஆடுது"ன்னா. நான் ஸ்க்ரீன்ல இருந்து கண்ண எடுக்கல, மேல யாரோ டேபிள் நகத்துறாங்கன்னு சொன்னேன். "இல்ல சார், நில அதிர்வு மாதிரி..."ன்னு இழுத்தா. "நம்ம பக்கமெல்லாம் அது வராது, உக்காரும்மா, ஒண்ணும் இல்ல."

உக்காந்துட்டா.

அதுக்கப்புறம்தான் என் பாட்டிலப் பாத்தேன். உள்ள தண்ணி ஒரு பக்கமா சாஞ்சு, அவசரமே இல்லாம மறுபக்கம் வந்து, திரும்ப சாஞ்சுது. ஜன்னல் பிளைண்ட்ஸோட மணிச் செயின் கண்ணாடில டக்... டக்னு இடிக்குது. யாரோ கத்தினாங்க, மொத்த ஃப்ளோரும் படிக்கட்டுக்கு ஓடுச்சு, ரெண்டு பேர் லிஃப்ட் பட்டன வேற அமுக்கிட்டு நின்னாங்க. கீழ போனா செக்யூரிட்டி அண்ணன் எங்கள ஒரு மாதிரி பாத்தாரு, அவருக்கு ஒண்ணுமே தெரியலயாம். ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. பின்னாடிதான் படிச்சேன், ரொம்ப தூரத்துல வர்ற நிலநடுக்கத்துல சடசடன்னு உதறுற அலையெல்லாம் வழியிலயே அடங்கிடும், மெதுவா ஆடுற அலைதான் நம்மகிட்ட வந்து சேரும், உயரமான கட்டடம் அந்த மெதுவான ஆட்டத்துக்குத்தான் கூட சேர்ந்து ஆடும். அதனாலதான் மேல இருக்கவனுக்குத் தெரியுது, கீழ நிக்கிறவருக்குத் தெரியல.

இன்னொண்ணும் படிச்சேன், அது என்ன இன்னும் குழப்பிடுச்சு. ஆட்டம் நடக்கும்போது ஓடக்கூடாதாம், உறுதியான மேஜைக்கு அடியில போயி தலைய மறைச்சுக்கிட்டு மேஜைக் கால கெட்டியா பிடிச்சுக்கணும், நின்னப்புறம் படிக்கட்டு வழியா இறங்கணும், லிஃப்ட் பக்கமே போகக்கூடாது. அப்போ உக்காருன்னு நான் சொன்னது சரிதானே? ஒரு வாரம் எல்லார்கிட்டயும் இப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன், கொஞ்சம் பெருமையாவே. ஆனா மேஜைக்கு அடியில உக்காருன்னா சொன்னேன்? வேலையப் பாருன்னுதான சொன்னேன்.

என் பக்கமும் நியாயம் இருக்குங்க. அடிக்கடி ஆடுற ஊர்ல இருக்கவங்களுக்கு சட்டுனு புரியும். நமக்கு சேர் ஆடுனா முதல்ல லாரி, அப்புறம் ஜெனரேட்டர், அப்புறம் நம்ம பிரஷர், நிலநடுக்கம் கடைசிலதான் ஞாபகம் வரும். ஒவ்வொரு அதிர்வுக்கும் எந்திரிச்சு ஓடுனா ஆபீஸ்ல நம்மள என்ன சொல்லுவாங்க.

ஆனா அந்த "வராது" இருக்கே. மகாராஷ்டிரால இருக்க லாத்தூர் பக்கமும் கெட்டியான பழைய பாறைதான், அங்க பெருசா ஒண்ணும் வராதுன்னுதான் நெனச்சிட்டிருந்தாங்க. 1993 செப்டம்பர் 30 விடியக்காலைல 6.2 அளவுல ஆடுச்சு, சுமார் 10,000 பேர் போயிட்டாங்க. எங்களுக்கு வந்தது அதுகூட வச்சுப் பேசுற அளவுக்கே கிடையாது, ஒரு சுவர்ல விரிசல்கூட விழல. இருந்தாலும் அரிதா வரும்ங்கறதும் வராதுங்கறதும் ஒண்ணு இல்லையே, நான் எந்த தைரியத்துல ரெண்டாவதச் சொன்னேன்?

நாலு நாள் கழிச்சு அவகிட்ட கேட்டேன், அன்னிக்கு பயந்துட்டியான்னு. சாரின்னு சொல்லத்தான் ஆரம்பிச்சேன், வாய்ல இப்படி வந்துச்சு.

"இல்ல சார். நீங்க அவ்ளோ உறுதியா சொன்னீங்களா, பாத்துட்டுதான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

கோவமாவும் சொல்லல, குத்திக் காட்டவும் இல்ல, சாதாரணமா சொல்லிட்டு வேலையப் பாக்கப் போயிட்டா. நல்ல பொண்ணு. அதுக்கு நான் என்ன சொன்னேன்னு கேட்டா, ஒரு சிரிப்பு சிரிச்சேன், அவ்வளவுதான்.

ரிப்போர்ட் முக்கால் மணி நேரம் லேட்டாதான் போச்சு, ஏன்னு ஒருத்தரும் கேக்கல.

போன வாரம் ஜெனரேட்டர் ஓடி டேபிளெல்லாம் லேசா அதிர்ந்துச்சு. அவ எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. குனிஞ்சு தன் பாட்டில்ல இருந்த தண்ணியப் பாத்துட்டு திரும்ப டைப் பண்ண ஆரம்பிச்சா.