சோங்க்ரான் தண்ணியில சீயக்காய் வாசம்

ஏப்ரல் பொறந்துட்டா போதும், ஊர்லேர்ந்து போன் பண்ற எல்லாரும் கேட்கறது ஒண்ணுதான், "என்னடி, இந்த வருஷமும் தண்ணித் துப்பாக்கி வாங்கியாச்சா?" நாங்க வடக்குத் தாய்லாந்துல இருக்கற சியாங் மாய்க்கு குடி வந்தது 2018 கடைசியில. இங்க இருக்கற வெளிநாட்டுக்காரங்க எல்லாருமே முதல் வருஷம் சோங்க்ரானை, அதான் இவங்களோட புது வருஷத் தண்ணிப் பண்டிகையை, ஒரே மாதிரிதான் பார்க்கறாங்க, நாங்களும் அப்படித்தான் பார்த்தோம், அதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன்.

முதல்ல இந்த ஊர் எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். பழைய சியாங் மாய் சதுரமான ஊர், 1296-ல மெங்ராய் ராஜா கட்டினது, சுத்தி நாலு பக்கமும் அகழி. ஒரு பக்கம் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் வரும். ஏப்ரல் 13, 14, 15 மூணு நாளும் அந்த அகழி ஓரமா ஊரே நிக்கும். கயிறு கட்டின பக்கெட்டை அகழிக்குள்ள விட்டு தண்ணி இழுக்கறவங்க, பிக்கப் வண்டிக்குப் பின்னாடி ட்ரம் வச்சு அதுல பாளம் பாளமா ஐஸ் போட்டு குடும்பத்தோட சுத்தறவங்க, பூப்போட்ட சட்டை, கழுத்துல தொங்கற பிளாஸ்டிக் பை, அதுக்குள்ள போன். வெயில் நாப்பது டிகிரி பக்கம் அடிக்கும், அந்த நேரத்துல முதுகுல ஐஸ் தண்ணி விழுந்தா ஒரு நிமிஷம் மூச்சு நின்னு போய் அப்புறம்தான் வரும், அந்த சந்தோஷத்தை நான் குறைச்சு சொல்லவே மாட்டேன், அவ்வளவு நல்லா இருக்கும்.

2019-ல நாங்க ஒரு பத்து பேர் சேர்ந்து தா பே கேட் பக்கம் போனோம். இங்கிலீஷ் சொல்லித் தர்றவங்க, ரிட்டயர் ஆகி வந்தவங்க, என் வீட்டுக்காரரோட ஆபீஸ்காரங்கன்னு கலந்து கட்டின கூட்டம். காலையில பத்து மணிக்கே பீர் பாட்டில் திறந்தாச்சு. நான் பக்கெட் இழுத்துக் கொடுத்துட்டு இருந்தேன், எங்க கூட்டத்துல ஒருத்தர் அதை வாங்கி வாங்கி வீசிட்டு இருந்தார். ஒரு பொண்ணு ஸ்கூட்டர்ல வந்தா, வேலைக்குப் போற யூனிஃபார்ம் போட்டிருந்தா, கையைக் காட்டி வேண்டாம் வேண்டாம்னா. அவர் முழு பக்கெட்டையும் அவ முகத்துக்கு நேரா வீசிட்டார். வண்டி சாய்ஞ்சு முட்டி தேய்ஞ்சு ரோட்டுல உட்கார்ந்துட்டா, தண்ணியோட ரத்தமும் ஓடுச்சு. ஓடிப் போய் தூக்கினோம், மன்னிப்பு கேட்டோம், அவர் அவளை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனார், பெருசா அடி இல்லைன்னு கட்டுப் போட்டு அனுப்பினாங்க. போகும்போது அந்தப் பொண்ணு எங்க எல்லாருக்கும் கும்பிட்டுட்டுப் போனா. நாங்கதான் அவளைக் கும்பிட்டிருக்கணும். அந்த பக்கெட்டை இழுத்தது என் கை. அதுக்கப்புறம் எனக்கு அன்னிக்கு விளையாட மனசே வரலை.

இந்த ஊர்ல இந்த வாரத்துக்கு 'ஏழு அபாய நாள்'னே பேர். ஜனங்க எல்லாரும் சொந்த ஊருக்கு போறதும் வர்றதுமா இருப்பாங்க, குடிச்சுட்டு ஓட்டறதும் சேர்ந்துக்கும், சமீப வருஷங்கள்ல நாடு முழுக்க இந்த ஏழு நாள்ல மட்டும் 200 பேருக்கு மேல ரோட்டுல செத்துப் போறாங்க, அதுல முக்காவாசி மோட்டார் சைக்கிள். அதனால ஓடற டூவீலர் மேல தண்ணி வீசறதை விளையாட்டுன்னு யார் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்.

அப்புறம் கொரோனா வந்துச்சு. 2020-ல பண்டிகையே இல்லை. 2021-ல ரோட்டுல தண்ணி வீசக் கூடாது, கூட்டம் கூடக் கூடாது, வீட்ல பெரியவங்களுக்கு செய்யற சம்பிரதாயம் மட்டும் செஞ்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. அந்த வருஷம்தான் எங்க வீட்டுக்கார அம்மா, எழுபது தாண்டினவங்க, எங்களைக் கூப்பிட்டாங்க. வடக்குத் தாய்லாந்துல பாட்டியை மே உய்னு கூப்பிடுவாங்க, நாங்களும் அப்படித்தான். அவங்க என்னை லூக்னு கூப்பிடுவாங்க, பிள்ளைன்னு அர்த்தம். "15-ஆம் தேதி காலையில வா லூக், பேரப் பிள்ளைங்க யாரும் பாங்காக்லேர்ந்து வர முடியலை, நீயாவது வா"ன்னாங்க.

போனேன். வாசத் திண்ணையில கரி அடுப்பு எரிஞ்சுட்டு இருந்துச்சு. அவங்க ஒரு கம்பி வலையில ஏதோ காய்ஞ்ச காயைப் போட்டு வாட்டிட்டு இருந்தாங்க. பழுப்பா, தட்டையா, விதை விதையா புடைச்சுக்கிட்டு, சூடு ஏற ஏற ஒரு புளிச்ச புகை வாசம். நான் அப்படியே நின்னுட்டேன். எனக்கு அந்த வாசம் தெரியும். மதுரையில எங்கம்மா மொட்டை மாடியில சீயக்காய், பூலாங்கிழங்கு, வெந்தயம், பச்சப்பயறு எல்லாம் காயப் போட்டு மில்லுல கொடுத்து அரைச்சுட்டு வருவாங்களே, அந்த வாசம். கிட்டப் போய் ஒண்ணைக் கையில எடுத்துப் பார்த்தேன், சீயக்காயேதான். அவங்க சொம் போய்னு சொன்னாங்க.

வாட்டினதை ரெண்டா ஒடிச்சு ஒரு வெள்ளிக் கிண்ணத்துல இருந்த தண்ணியில போட்டாங்க. சலுங்னு பேரு அந்தக் கிண்ணத்துக்கு, வெளிப்பக்கம் முழுக்க ராசிச் சின்னம் தட்டி வச்சது, ஓரத்துல நசுங்கிப் போயிருந்துச்சு, அவங்க அம்மா கொடுத்ததாம். மஞ்சள் ஒரு துண்டு தட்டிப் போட்டு, காய்ஞ்ச குசும்பப் பூவையும் தூவினாங்க, தண்ணி மெதுவா தங்க நிறமா மாறுச்சு. மஞ்சளும் சீயக்காயும். எங்க ஊர்ல தீபாவளி விடிகாலையில எண்ணெய் வச்சு தேய்ச்சு கண்ணு எரிய எரிய தலைக்கு ஊத்தி விடுவாங்களே, அதே சாமான்தான்.

இந்த சடங்குக்கு பேர் 'ரோட் நாம் தாம் ஹுவா'. ரோட் நாம்னா தண்ணி ஊத்தறது. தாம் ஹுவான்னா வடக்குத் தாய்லாந்து பேச்சுல தலைக்கு குளிக்கறது! நம்ம வீட்ல பெரியவங்க சின்னவங்களுக்கு தேய்ச்சு விடுவாங்க, இங்க சின்னவங்க பெரியவங்களுக்கு தண்ணி கொண்டு போய் கொடுக்கணும், அது ஒண்ணுதான் வித்தியாசம். அந்தக் காலத்துல நெசமாவே தலையில ஊத்திக் குளிப்பாட்டி புதுத்துணி கட்டி விடுவாங்களாம். இப்போ நாம மண்டி போட்டு கிண்ணத்தை நீட்டினா, அவங்க விரலை முக்கி தன் தலைமுடியை தடவிக்கறாங்க. மத்திய தாய்லாந்துல உள்ளங்கையில மெதுவா ஊத்துவாங்க, மல்லிகைப் பூ போட்ட தண்ணி.

ஊத்தறதுக்கு முன்னாடி கமா கேட்கணும். கமான்னா மன்னிப்பு, நம்ம க்ஷமைதான் அது. மே உய் எனக்கு வாக்கியம் சொல்லிக் கொடுத்தாங்க, நான் திருப்பிச் சொன்னேன், உடம்பால செஞ்சது, வாயால சொன்னது, மனசால நினைச்சது, தெரிஞ்சோ தெரியாமலோ, எல்லாத்துக்கும். காய கம், வசி கம், மனோ கம்னு வார்த்தை வந்துச்சு. மனசு வாக்கு காயம்னு எங்க தாத்தா சாமி கும்பிடும்போது சொல்றதை கேட்டு வளர்ந்தவ நான். அந்த ஸ்கூட்டர் பொண்ணு ஞாபகம் வந்து தொண்டை அடைச்சுக்கிச்சு. மே உய் எதுவும் கேட்கலை. ஈரக் கையை என் தலையில வச்சு பத்து நிமிஷம் வாழ்த்தினாங்க, எனக்கு பாதி கூட புரியலை, உடம்பு நல்லா இருக்கணும், தூங்கினா நல்ல கனவு வரணும்ங்கறது மட்டும் புரிஞ்சுது. அப்புறம் வெள்ளை நூலை மணிக்கட்டுல கட்டி மூணு முடிச்சுப் போட்டாங்க.

அதுலேர்ந்து இந்தப் பண்டிகையைப் பத்தி யார்கிட்ட பேசினாலும் கேட்டுக்கிட்டே இருக்கேன். சோங்க்ரான்ங்கற பேரே சங்கராந்திதான், சூரியன் மேஷத்துக்குள்ள போறது, ஏப்ரலுக்கே இவங்க வச்சிருக்கற பேர் மேசாயோன். நம்ம சித்திரை ஒண்ணும் அதே கணக்குலதான் வருது. 1940 வரைக்கும் இவங்களுக்கு வருஷப்பொறப்பு ஏப்ரல் மாசம்தான், 1941-லதான் ஜனவரிக்கு மாத்தினாங்க. பர்மா, லாவோஸ், கம்போடியா எல்லாத்துலயும் இதே நாள்ல புது வருஷம். இந்தியாக்காரங்க மட்டும்தான் இங்க வெளியாள் இல்லையோன்னு எனக்கு ஒரு நினைப்பு உண்டு.

இதுக்கு ஒரு கதையும் இருக்கு. கபில பிரம்மா, தர்மபாலன்ங்கற பையன்கிட்ட விடுகதை போடறார், காலையில, மத்தியானம், ராத்திரி மனுஷனோட ராசி எங்க இருக்குன்னு. ஏழு நாள்ல சொல்லலைன்னா தலை போயிடும். பையன் பனை மரத்தடியில படுத்திருக்கும்போது மேல கழுகு ரெண்டு பேசிக்கறதைக் கேட்டு பதிலைத் தெரிஞ்சுக்கறான். காலையில ராசி முகத்துல, அதான் எழுந்ததும் முகம் கழுவறோம். மத்தியானம் நெஞ்சுல, அதான் சந்தனம் பூசறோம். ராத்திரி பாதத்துல, அதான் கால் கழுவிட்டுப் படுக்கறோம். முகராசி, கைராசின்னு சொல்ற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். தோத்துப் போன கபிலர் தன் தலையைக் கொடுக்கணும், அந்தத் தலை தரையில விழுந்தா உலகம் எரியும், வானத்துல எறிஞ்சா மழை நிக்கும், கடல்ல போட்டா கடல் வத்தும். அதனால அவரோட ஏழு பொண்ணுங்களும் தட்டுல ஏந்தி வச்சு, வருஷத்துக்கு ஒருத்தியா முறை வச்சு ஊர்வலம் கொண்டு போறாங்க. உலகம் எரியாம பார்த்துக்கற பண்டிகை இது, அதுக்குத்தான் தண்ணி, எனக்கு அப்படித்தான் தோணுது.

வடக்குல ஒவ்வொரு நாளுக்கும் தனி வேலை உண்டு. 13-ஆம் தேதி பழைய வருஷத்தை அனுப்பறது, வீடு கூட்டறது, அன்னிக்குத்தான் வாட் ப்ரா சிங் கோயில் புத்தரை ஊர்வலமா கொண்டு வருவாங்க, அந்த சிலை இலங்கையிலேர்ந்து வந்ததா ஐதீகம், ஜனங்க ரெண்டு பக்கமும் நின்னு மேல வாசத் தண்ணி தெளிப்பாங்க. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சித்திரையில அழகர் வர்ற வழியில தோல் பையில தண்ணி பீச்சறவங்கதான் கண்ணு முன்னாடி நிப்பாங்க. 14-ஆம் தேதி யாரையும் திட்டக் கூடாது, திட்டினா வாய் அழுகிப் போயிடும்னு சொல்லுவாங்க. அன்னிக்கு கோயிலுக்கு மணல் கொண்டு போய் கொட்டி சின்னச் சின்னதா மணல் ஸ்தூபி கட்டி காகிதக் கொடி குத்துவாங்க, வருஷம் பூரா நம்ம கால்ல ஒட்டிக்கிட்டுப் போன கோயில் மணலைத் திருப்பிக் கொடுக்கறதாம். இதைக் கேட்டதும் எனக்கு இந்த ஊர்க்காரங்க மேல தனி மரியாதையே வந்துடுச்சு.

2023-லேர்ந்து ரோட்டுல மறுபடியும் தண்ணி. அந்த வருஷம் டிசம்பர்ல யுனெஸ்கோவும் சோங்க்ரானை கலாச்சாரப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க, கூட்டம் இன்னும் கூடுது. நானும் போறேன், கட்டாயம் போவேன், ஆனா பக்கெட் கிடையாது, ஒரு சின்ன கிண்ணம்தான். இங்க வயசானவங்க எப்படி ஊத்தறாங்கன்னு பார்த்திருக்கீங்களா? எதிர்ல வந்து சிரிச்சு, "சவஸ்தி பி மாய் ஜாவ்"னு சொல்லிட்டு, தோள்ல கொஞ்சமா விடுவாங்க, சட்டை காலர் வழியா மெதுவா இறங்கும். நான் அதைத்தான் செய்யறேன். புதுசா வர்ற வெளிநாட்டுக்காரங்க யாராவது கேட்டா, காலையில கோயிலுக்குப் போங்க, மத்தியானம் அகழிக்குப் போங்கன்னு சொல்லுவேன். பிட்சுக்கள், கைக்குழந்தைக்காரங்க, வயசானவங்க, வண்டி ஓட்டறவங்க மேல வேண்டாம். முகத்துல வெள்ளை மாவு பூசறது அழகான பழக்கம், ஆனா அதைச் சாக்கா வச்சு பொண்ணுங்க மேல கை வைக்கறவங்களை நான் நேராவே பார்த்திருக்கேன், கேட்டுட்டு பூசுங்க, வேண்டாம்னா விட்டுடுங்க. அகழித் தண்ணி கண்ணுல பட்டா நல்ல தண்ணியில கழுவிடுங்க, போன வருஷம் என் பையனுக்கு நாலு நாள் கண்ணு செவந்து கிடந்துச்சு.

இந்த வருஷம் ஊருக்குப் போயிட்டு வரும்போது அம்மா கொடுத்த முழு சீயக்காயில ஒரு பொட்டலம் மே உய்க்கு எடுத்துட்டு வந்தேன். ஒண்ணை ஒடிச்சு மோந்து பார்த்தாங்க, நாக்குல வச்சுப் பார்த்தாங்க, எங்க ஊர் காயை விட இது குட்டைன்னாங்க. 15-ஆம் தேதி கிண்ணத்துல ரெண்டு ஊர் காயும் கிடந்துச்சு. 16-ஆம் தேதி பலாக்காய் குழம்பு வைக்கற நாள், பலாவுக்கு இவங்க சொல்ற பேர்ல 'தாங்கிப் பிடிக்கறது'ங்கற வார்த்தை வர்றதால, புது வருஷம் பூரா நம்மளைத் தாங்கும்னு நம்பிக்கை. மே உய் காலையிலேயே ஒரு தூக்குல கொடுத்து அனுப்பிட்டாங்க. இதை எழுதும்போது பையன் அதைச் சோத்துல போட்டு சாப்பிட்டுட்டு இருக்கான், அவன் கையில நூல் இன்னும் ஈரம் காயலை.